பொங்கலுக்கு வீட்டை ஒதுக்குதல்: வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டிசம்பர் பிறந்துவிட்டால் “பொங்கலுக்கு வீட்டை ஒதுக்க வேண்டும்” என்ற பேச்சு நம் வீடுகளில் ஆரம்பித்துவிடும். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அது ஜனவரி இரண்டாம் வாரம் வரை பேச்சாகவே இருக்கும். போகிக்கு முந்திய சனிக்கிழமை காலையில்தான் அலமாரிகள் திறக்கும். மதியத்துக்குள் எல்லாரும் களைத்துவிடுவார்கள். அதன் பிறகு எதையும் பிரித்துப் பார்க்கப் பொறுமை இருக்காது. நல்ல சட்டை, கிழிந்த சட்டை, பழைய கைத்தொலைபேசி, பாதி தீர்ந்த மசாலாப் பொட்டலம் எல்லாம் ஒரே கறுப்புப் பையில் விழும். பை நேராகக் குப்பைக் குழாய்க்குப் போகும்.

தமிழ்நாட்டில் போகியன்று பழையதைத் தெருவில் போட்டுக் கொளுத்துவார்கள். அடுக்குமாடியில் வாழும் நாம் கொளுத்துவதில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் சிங்கப்பூரில் வீட்டுக் குப்பை முழுவதும் எரிஆலைக்குத்தான் போகிறது. எரித்தபின் அதன் கன அளவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். மிஞ்சும் சாம்பல் படகில் ஏற்றப்பட்டு செமாக்காவ் தீவிலுள்ள குப்பை நிரப்பிடத்துக்குக் கொண்டுபோகப்படும். 1999இல் திறக்கப்பட்ட அந்த இடம் ஒன்றுதான் இந்த நாட்டுக்கு மிஞ்சியிருக்கும் குப்பை நிரப்பிடம். இப்போதைய வேகத்தில் போனால் 2035 வாக்கில் அது நிரம்பிவிடும் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. இன்று பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் வேலைக்குப் போகத் தொடங்கும் காலம் அது.

ஆகவே நான் வலியுறுத்துவது ஒன்றைத்தான். துடைப்பத்தைக் கையில் எடுப்பதற்கு முன், வீட்டிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு வகைப் பொருளும் எங்கே போகும் என்று முடிவு செய்துவிடுங்கள். அதைச் செய்துவிட்டால் குப்பை குறையும், வேலையும் குறையும். மற்றவை எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

முதல் படி: போகும் இடங்களைத் தீர்மானியுங்கள்

கூடத்தில் ஒரு மூலையை ஒதுக்கி மூன்று அட்டைப் பெட்டிகளை வையுங்கள். பேரங்காடியில் கேட்டால் சும்மா கொடுப்பார்கள். ஒன்று பிறருக்குப் பயன்படும் பொருள்களுக்கு, ஒன்று மின்சாரத்தாலோ மின்கலத்தாலோ ஓடுபவற்றுக்கு, ஒன்று “தெரியவில்லை” என்று நிற்பவற்றுக்கு. நான்காவது, நீலப் பெட்டி. மறுபயனீட்டுப் பொருள்களைச் சேர்த்துவைக்க 2023 மார்ச் முதல் வீடுகளுக்கு இலவசமாக வழங்கப்பட்ட ‘புளூபாக்ஸ்’ மடித்தபடியே அலமாரிக்குப் பின்னால் கிடக்கலாம். அதை எடுத்து விரியுங்கள். எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று அதன் பக்கங்களிலேயே அச்சிட்டிருக்கிறது.

அந்தப் பெட்டியில் சேர்ந்ததைக் கொண்டுபோய்ப் போடும் நீலத் தொட்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அதில் நாம் போடுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு உதவாதது என்று தேசியச் சுற்றுப்புற அமைப்பு சொல்கிறது. ஒன்று, போடக்கூடாத பொருள். இல்லையென்றால் உணவும் எண்ணெயும் பட்டுக் கெட்டுப்போன பொருள். வீட்டு மறுபயனீட்டு விகிதமோ 2023இல் 12 விழுக்காடுதான். காகிதம், கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் எல்லாம் இங்கே ஒரே தொட்டியில் போகின்றன. அதனால் ஒரு வீட்டிலிருந்து விழும் கழுவாத குழம்புப் பாத்திரம் பத்து வீட்டுக் காகிதத்தைப் பாழாக்கும். நெய் போத்தலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினால் போதும், பளபளவென்று தேய்க்க வேண்டியதில்லை. மெல்லிழைத்தாள், எண்ணெய் பட்ட பீட்சா அட்டை, தெர்மோகோல், பீங்கான், பழைய துணி, காலணி, பொம்மை ஆகியவற்றுக்கு நீலத் தொட்டியில் இடமில்லை. உடைந்த பீங்கான் கோப்பையைக் கண்ணாடி என்று நினைத்துப் போடுபவர்கள் பலர். அது கண்ணாடியோடு சேர்ந்து உருகாது. செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போடுங்கள்.

மின்பொருள்களுக்கு 2021 ஜூலை 1 முதல் தனி ஏற்பாடு நடப்பில் உள்ளது. பேரங்காடிகளிலும் கடைத்தொகுதிகளிலும் மின்கழிவுத் தொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். கைத்தொலைபேசி, மடிக்கணினி, மின்கலம், விளக்கு போன்றவற்றை அங்கே போடலாம். ஆனால் தொட்டிக்குத் தொட்டி ஏற்கும் பொருள் மாறும், அதனால் முன்பக்கப் படத்தைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி முதலியவற்றைப் புதிதாக வாங்கி வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லும்போது, அதே வகைப் பழைய பொருளைக் கட்டணமின்றி எடுத்துச் செல்ல வேண்டியது கடைக்காரரின் பொறுப்பு. வாங்கும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உப்பிப்போன கைத்தொலைபேசி மின்கலத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் குப்பைக் குழாயில் போடாதீர்கள். நசுங்கினால் தீப்பிடிக்கும்.

கட்டில், மெத்தை, அலமாரி போன்ற பெரிய சாமான்களுக்கு நகர மன்றத்தை அழையுங்கள். பெரும்பாலான நகர மன்றங்கள் மாதத்துக்கு மூன்று பொருள்கள் வரை இலவசமாக எடுத்துச் செல்கின்றன. இதை டிசம்பரிலேயே பதிவு செய்துவிடுவது நல்லது. ஜனவரியில் சீனப் புத்தாண்டுக்காகப் புளோக் முழுவதும் வீட்டைச் சுத்தம் செய்யத் தொடங்கிவிடும், நாள் கிடைப்பது கடினமாகும். அதுவரை சாமான்களைத் தாழ்வாரத்தில் நிறுத்தி வைக்காதீர்கள். தீ விபத்தின்போது ஆட்கள் வெளியேற அங்கே குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி.

‘காராங் கூனி’க்காரரின் ஊதல் ஒலி இன்னும் பல பேட்டைகளில் கேட்கிறது. பழைய செய்தித்தாள், எவர்சில்வர் பாத்திரம், ஓடாத மின்விசிறி எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார். கிடைக்கும் காசு சொற்பம்தான். ஆனாலும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டு எங்கோ பயன்படப் போகிறது என்ற உறுதி உண்டு. எனக்கு நீலத் தொட்டியைவிட அவர்மேல்தான் நம்பிக்கை அதிகம்.

இரண்டாம் படி: நாள் குறியுங்கள்

பள்ளி விடுமுறை டிசம்பர் இறுதியில் முடிந்துவிடும். பிள்ளைகளின் கை உதவிக்குக் கிடைப்பது அதற்குள்தான். வார இறுதிக்கு ஒரு பகுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலமாரிகள் முதலில், பிறகு சமையலறை, பிறகு குளியலறையும் மின்விசிறிகளும். திரைச்சீலைகள் கடைசியில்.

திரைச்சீலையைக் கடைசிக்குத் தள்ளச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டிசம்பரும் ஜனவரி முற்பகுதியும் வடகிழக்குப் பருவமழைக் காலம். கனமான திரையைத் துவைத்து மூங்கில் கழியில் போட்டால் இரண்டு நாள் ஆனாலும் காயாமல் முடைநாற்றம் பிடிக்கும். கடைசியில் மறுபடியும் துவைக்க வேண்டும், இல்லையென்றால் உலர்த்தும் இயந்திரத்தை நாட வேண்டும். மழை விட்ட இரண்டு மூன்று நாள் தொடர்ந்து கிடைக்கும்போது துவையுங்கள். பொங்கலுக்குள் வெயில் வராவிட்டால் தூசியை உறிஞ்சியெடுத்துவிட்டு பிப்ரவரியில் துவைத்துக்கொள்ளலாம். ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஊருக்குப் போகும் குடும்பங்கள் பயணத்துக்கு முந்திய வாரத்தில் அலமாரி வேலையை முடித்துவிடலாம். பெட்டி கட்டும்போது எப்படியும் எல்லாவற்றையும் வெளியே எடுக்கத்தானே போகிறீர்கள்.

மூன்றாம் படி: அலமாரிகளும் பூசை அறையும்

துணிகளை மூன்றாகப் பிரியுங்கள். உடுத்தக்கூடியது, துடைக்கத்தான் ஆகும், எதற்கும் ஆகாது. முதல் வகையைத் துவைத்து, பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து, மடித்துக் கொடுங்கள். சால்வேஷன் ஆர்மி போன்ற அமைப்புகள் ஏற்பது நல்ல நிலையில் உள்ளதைத்தான். கறை பட்ட சட்டையைக் கொடுப்பது நம் குப்பையை அவர்கள் வாசலில் கொண்டுபோய்ப் போடுவதாகும், அதற்குத் தானம் என்று பேர் வைக்கக்கூடாது. சீனப் புத்தாண்டுக்கு முன் நன்கொடைப் பெட்டிகள் நிரம்பி வழியும். முன்கூட்டியே போங்கள், பெட்டி நிரம்பியிருந்தால் பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு வராதீர்கள், மழையில் நனைந்து எல்லாம் வீணாகும்.

பருத்தி வேட்டி, பழைய துண்டு, பனியன் இவற்றை உள்ளங்கை இரண்டளவு துண்டுகளாக வெட்டி ஒரு டப்பாவில் வையுங்கள். இந்த ஒரு டப்பா இருந்தால் சமையலறைத் தாள் வாங்க வேண்டியிருக்காது. நைந்த வேட்டித் துணியைவிட ஜன்னல் கண்ணாடிக்கு ஏற்றது எதையும் நான் கண்டதில்லை. பாலியெஸ்டர் துணி நீரை உறிஞ்சாது, துடைக்க உதவாது.

அடுத்து, நம் வீடுகளுக்கே உரிய ஒரு சுமை: விசேஷங்களில் கொடுக்கும் பரிசுப் பொருள்கள். கல்யாணம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா என்று போய்வரும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு தாம்பூலப் பை, அதில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம், சில சமயம் மணமக்கள் பெயர் பொறித்த தட்டு. அலமாரியின் மேல்தட்டு முழுவதும் இவைதான். கொடுத்தவர்மேல் உள்ள மரியாதையால் எறிய மனம் வராது, எடுத்துப் பயன்படுத்தவும் மாட்டோம். ஆண்டு முழுவதும் கை படாத கிண்ணத்தைச் சமையலறைக்குக் கொண்டுவந்து, அங்கிருக்கும் பிளாஸ்டிக் டப்பாவை விலக்குங்கள். தாம்பூலப் பைகளில் உறுதியானவற்றை நான்கைந்து எடுத்து வாசற்கதவுக்குப் பின்னால் மாட்டுங்கள். அவை எதற்கு என்று பிறகு சொல்கிறேன். உங்கள் வீட்டில் விசேஷம் வந்தால் தின்றுதீரும் பொருளாகக் கொடுங்கள். நல்ல முறுக்கோ ஒரு சிறு பொட்டலம் வெல்லமோ போதும். யார் வீட்டு மேல்தட்டிலும் அது தேங்காது.

பூசை அறைக்கு வருவோம். பழைய சாமி படங்கள், நாட்காட்டிப் படங்கள், கறுத்த திரிகள், ஆண்டுக்கணக்கில் சேர்ந்த திருநீற்றுப் பொட்டலங்கள். எதையும் குப்பையில் போடக் கூசும் இடம் இது. அந்தக் கூச்சம் மதிக்கத்தக்கது. சட்டமிட்ட படங்களில் சட்டத்தையும் கண்ணாடியையும் கழற்றிவிடுங்கள், சட்டம் வேறு படத்துக்கு உதவும். நாட்காட்டியில் படம் வேறு, கிழிக்கும் தாள்களும் பின்னட்டையும் வேறு. படத்தை மட்டும் தனியே எடுத்துவைத்துவிட்டு மற்றதைக் காகிதத்தோடு சேர்க்கலாம். எடுத்துவைத்த படங்களைப் பெற்றுக்கொள்வார்களா என்று நீங்கள் வழக்கமாகப் போகும் கோயில் அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் வெள்ளைத் தாளில் சுற்றித் தனியாக அப்புறப்படுத்துவதில் தவறொன்றும் இல்லை. ஆற்றிலும் கடலிலும் விடுவது ஊரில் வழக்கமாக இருக்கலாம். இங்கே கடற்கரையில் படத்தையும் மாலையையும் விட்டுவருவது குப்பை போடுவதாகவே முடியும், அலை அதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து கரையில் கிடத்தும். எல்லாவற்றையும்விட நல்ல வழி, அடுத்த ஆண்டு கடைக்காரர் மூன்றாவது நாட்காட்டியை நீட்டும்போது நன்றி சொல்லி மறுத்துவிடுவது.

நான்காம் படி: சமையலறை

இதற்கு இரண்டு வார இறுதிகள் வேண்டும். முதல் வாரம் உள்ளே இருக்கும் உணவுக்கு, இரண்டாம் வாரம் எண்ணெய்ப் பிசுக்குக்கு.

சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. 2023இல் இங்கே உண்டான உணவுக் கழிவு ஏறத்தாழ 755,000 டன். நம் பங்கு எங்கே இருக்கிறது என்று பார்க்க மாவுச் சாமான் அலமாரியைத் திறந்தால் போதும். எல்லாவற்றையும் மேசைமேல் எடுத்து வையுங்கள். ஒரே பருப்பு மூன்று பொட்டலம் திறந்திருக்கும். சாம்பார்த் தூள் இரண்டு, ஊரிலிருந்து மாமியார் கொடுத்தனுப்பியது ஒன்று, லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கியது ஒன்று. ஒரே பொருளைச் சேர்த்து ஒரு டப்பாவில் கொட்டும்போது பழையது மேலே இருக்கட்டும். ரவையிலும் பருப்பிலும் வண்டு வரும் என்ற பயம் இருந்தால், வாங்கிய பொட்டலத்தை உறைபெட்டியில் மூன்று நான்கு நாள் வைத்து எடுத்து, ஈரம் போனபின் டப்பாவில் போடுங்கள். முட்டைகள் இருந்தாலும் பொரிக்காது.

குளிர்பதனப் பெட்டியில் கண்ணுக்கு நேரான தட்டை “முதலில் தீர்க்க வேண்டியது” என்று ஒதுக்குங்கள். பாதி வெங்காயம், நேற்றைய ரசம், வாடத் தொடங்கிய கொத்தமல்லி, திறந்த தயிர் எல்லாம் அங்கே. மாலையில் அலுப்போடு வீடு திரும்பி என்ன சமைப்பது என்று யோசிக்கும்போது அந்தத் தட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது வீட்டில் அனைவருக்கும் தெரியட்டும். பொங்கல் வரைக்கும் புதிதாகப் பேரளவில் வாங்குவதை நிறுத்திவைத்து உள்ளதைத் தீர்த்தால், பெட்டி தானே காலியாகும். காலியான தட்டைத் துடைப்பது சுலபம். நிரம்பிய பெட்டியை ஒதுக்கித் துடைப்பதுதான் நம்மைக் களைப்பாக்குகிறது.

இப்போது பிசுக்கு. தாளிப்பும் பொரியலும் நடக்கும் சமையலறையில் மேல் அலமாரியின் தலைப்பகுதியில் எண்ணெய்யும் தூசியும் கலந்து தேன் போல ஒட்டும் ஒரு படலம் படிந்திருக்கும். இதற்கென்று விற்கும் காட்டமான தெளிப்பானை அடைத்த சமையலறையில் அடித்தால் முதலில் எரிவது நம் கண்தான். பாத்திரம் கழுவும் திரவத்தை வெந்நீரில் கெட்டியாகக் கலந்து, வேட்டித் துணியை அதில் நனைத்துப் பிழியாமல் அந்தப் படலத்தின்மேல் விரித்துப் போடுங்கள். இருபது நிமிடம் வேறு வேலை பாருங்கள். திரும்பிவந்து காலாவதியான பயண அட்டையின் விளிம்பால் தள்ளினால் சுருள் சுருளாக வரும். அந்தச் சுருளைக் காகிதத்தில் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, பிறகு துடைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அத்தனையும் கழிவுநீர்க் குழாயில் போய் அடைக்கும். காய்ந்தபின் பழைய செய்தித்தாளை அலமாரித் தலைமேல் விரித்துவிடுங்கள். அடுத்த ஆண்டு தாளைச் சுருட்டி எடுத்தால் வேலை முடிந்தது.

புகைபோக்கியின் வடிகட்டியை வெந்நீரில் சலவைச் சோடா போட்டு ஊறவைக்கலாம். ஆனால் அது அலுமினியமாக இருந்தால் சோடா கூடாது, கறுத்துப்போகும். வெறும் சவர்க்காரத் திரவம் போதும்.

பொரித்த எண்ணெய்யைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். ஆறியதும் பழைய காகிதத்திலோ துணியிலோ உறிஞ்சவைத்துக் குப்பைப் பையில் கட்டிப் போடுங்கள். சில வட்டாரங்களில் பழைய சமையல் எண்ணெய்யைச் சேகரிக்கிறார்கள். உங்கள் பகுதி சமூக மன்றத்தில் விசாரியுங்கள்.

எத்தனை போத்தல் வேண்டும்?

கழுவுதொட்டிக்குக் கீழே எட்டிப் பார்த்தால் தரைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, அடுப்புக்கு ஒன்று, கழிவறைக்கு இரண்டு என்று போத்தல்கள் வரிசையாக நிற்கும். என் கணக்கில் ஒரு வீட்டுக்கு நான்கு பொருள் போதும்: பாத்திரம் கழுவும் திரவம், சமையல் சோடா, வெள்ளை வினிகர், கொஞ்சம் பிளீச். சவர்க்காரம் எண்ணெய்யைக் கரைக்கும். சோடா மென்மையாகத் தேய்க்கும், நாற்றத்தை எடுக்கும். வினிகர் சவர்க்காரப் படிவையும் உப்புக் கறையையும் நீக்கும். பிளீச் பூஞ்சைக்கு மட்டும், அதுவும் ஓடு, பீங்கான் போன்ற நீர் புகாத பரப்பில்.

மூன்று எச்சரிக்கைகள். பிளீச்சோடு வினிகரைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், காற்றோட்டமில்லாத சிறிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் சலவைக்கல், டெராசோ தரை இருக்கும். அவற்றில் வினிகரும் எலுமிச்சையும் பட்டால் மெருகு போய்விடும், மீட்பது கடினம். மூன்றாவது, சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து நுரைக்க வைக்கும் வழக்கம். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத்தண்ணீர்தான். தனித்தனியே பயன்படுத்துங்கள்.

பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளியே போதும். புளியிலுள்ள அமிலம் கறுப்பைக் கரைக்கும். ரசத்துக்குக் கரைத்த புளிச் சக்கையை எறியாமல் எடுத்துவைத்து, கொஞ்சம் உப்பு சேர்த்துத் தேய்த்து, நன்றாகக் கழுவி உடனே துடைத்துவிடுங்கள். ஈரம் நின்றால் பச்சை பூக்கும். வெள்ளிக்குப் புளி வேண்டாம், திருநீறு இருக்கிறது. பட்டுப்புடவைக்குப் பூந்திக்கொட்டை ஊறிய நீர் நல்லது, தேக்கா கடைகளில் கிடைக்கும். பழத்தோலை மாதக்கணக்கில் ஊறவைத்துச் சுத்திகரிப்பு நீர் தயாரிப்பவர்களும் உண்டு. விருப்பம் இருந்தால் செய்யுங்கள். நேரமில்லாத குடும்பத்துக்கு அது அவசியமில்லை.

ஐந்தாம் படி: குளியலறை, மின்விசிறி, ஜன்னல்

குளியலறைக்கு ஆண்டுக்கொரு முறை போர் தொடுப்பதைவிட நாள்தோறும் கடைசியாகக் குளிப்பவர் சுவரை நீர்வழிப்பானால் ஒருமுறை வழித்துவிட்டுக் கதவைத் திறந்துவைப்பது நல்லது. நம் ஈரப்பதத்தில் பூஞ்சைக்கு வேண்டியது நிற்கும் தண்ணீர். அது இல்லையென்றால் பிளீச்சும் வேண்டாம்.

மின்விசிறி இறக்கையைத் துடைக்கப் பழைய தலையணை உறையை இறக்கைமேல் மாட்டி இழுங்கள், தூசி உறைக்குள்ளேயே விழும். குளிர்சாதனத்தின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவி நிழலில் காயவையுங்கள். அடைத்த வடிகட்டியோடு ஓடும் குளிர்சாதனம் அதே குளிருக்கு அதிக மின்சாரம் இழுக்கும்.

ஜன்னல் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கம்பிக் கதவைப் பூட்டிவிட்டுக் கை எட்டும் வரைதான் வெளிப்புறம் துடைக்க வேண்டும். பணிப்பெண் துடைப்பதானால் கம்பிக் கதவு பூட்டியிருக்க வேண்டும், முதலாளி வீட்டுப் பெரியவர் ஒருவர் கூடவே நின்று கவனிக்க வேண்டும் என்பது மனிதவள அமைச்சின் விதி. எட்டாத கறை இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆறாம் படி: தண்ணீரும் கொசுவும்

2023இல் இங்கே ஒருவர் வீட்டில் நாளொன்றுக்குச் சராசரியாகச் செலவிட்ட தண்ணீர் 141 லிட்டர். 2030க்குள் அதை 130ஆகக் குறைப்பது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் இலக்கு. நம் குழாயில் வருவது மழைநீர்த் தேக்கங்களிலிருந்து, ஜொகூரிலிருந்து, கழிவுநீரைச் சுத்திகரித்த புதுநீரிலிருந்து, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளிலிருந்து. கடைசி இரண்டுக்கும் மின்சாரம் நிறையச் செலவாகிறது. தரை கழுவக் குழாயைத் திறந்துவிடாதீர்கள், வாளியும் துடைப்பானும் போதும். சலவை இயந்திரத்தின் கடைசி அலசல் தண்ணீரைப் பிடித்துக் குளியலறைக்கும் பின்கட்டுக்கும் பயன்படுத்தலாம். அரிசி களைந்த நீர் துளசிக்கு.

பிடித்த தண்ணீரை அன்றே செலவழித்துவிட வேண்டும். டெங்கிக் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். அலசல் நீரை மூடாத வாளியில் விட்டுவிட்டு ஊருக்குப் போனால், தண்ணீரைச் சேமித்த புண்ணியத்தைக் கொசு கொண்டுபோய்விடும். துளசித் தொட்டியின் அடித்தட்டு, சாமி படத்துக்கு முன் வைத்த பூச்சாடி, கவிழ்க்காத வாளியின் விளிம்பு, மூங்கில் கழி செருகும் குழாய்கள், இவற்றை வாரம் ஒருமுறை பாருங்கள். பயணம் கிளம்பும் நாளில் கழிவறை மூடியை மூடி, தரைக் கழிவுத் துளைகளையும் மூடிவிடுங்கள். இந்த வேலையை வீட்டில் பத்து வயதுப் பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். மற்றவர்களைவிடக் கவனமாகச் செய்வார்கள்.

ஏழாம் படி: பொங்கலுக்குப் பிறகும் தொடர வேண்டியவை

கதவுக்குப் பின்னால் மாட்டச் சொன்ன தாம்பூலப் பைகள் இதற்குத்தான். 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பை ஒன்றுக்குக் குறைந்தது 5 காசு. அன்றிலிருந்து நம் வீடுகளில் எழுந்த முறையீடு, “குப்பை கட்டப் பை இல்லையே” என்பது. நியாயமான முறையீடுதான். கட்டாமல் குழாயில் போட்டால் கரப்பான்பூச்சி பெருகும். ஆனால் பை நம்மிடம் இருக்கிறது. ஐந்து கிலோ அரிசிப் பை, ரொட்டிப் பை, இணையத்தில் வாங்கிய பொருள் வந்த உறை. அரிசிப் பை உறுதியானது, மீன் கழிவுக்கும் தாங்கும். மேற்பகுதியைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டித் திறந்தால் குப்பைத் தொட்டிக்குள் சரியாகப் பொருந்தும். ‘மக்கும் பை’ என்று கூடுதல் விலைக்கு விற்பதை வாங்க வேண்டாம். இங்கே குப்பை மண்ணில் புதைவதில்லை, எரிகிறது. மக்க அதற்கு இடமே கிடைக்காது.

சந்தைக்கும் தேக்காவுக்கும் போகும்போது பையோடு இரண்டு எவர்சில்வர் டப்பாவும் எடுத்துச் செல்லுங்கள். மீன், இறைச்சி, அரைத்த மிளகாய்த்தூள், இடியாப்பம், எதையும் அதில் கேட்டு வாங்கலாம். நான் கேட்டு மறுத்த கடைக்காரர் அரிது.

பிளாஸ்டிக் போத்தல் பானங்களுக்கும் தகரக் குவளைப் பானங்களுக்கும் 10 காசு வைப்புத்தொகை வசூலித்துத் திருப்பித் தரும் திட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்று அறிவிக்கப்பட்டது. திட்டத்தின் சின்னம் உள்ளவற்றை நசுக்காமல் தனியே சேர்த்து வையுங்கள். அந்தக் காசு பிள்ளைகளுக்கு என்று சொல்லிவிட்டால் நீங்கள் நினைவூட்டவே தேவையில்லை.

குளிர்சாதனத்தை 25 பாகையில் வைத்து மின்விசிறியையும் ஓடவிடுங்கள், தூக்கம் கெடாது. பழைய சாதனத்தை மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், பருவநிலைக்கு உகந்த வீடுகள் திட்டத்தின் பற்றுச்சீட்டுகள் உங்களிடம் மீதமிருக்கின்றனவா என்று பாருங்கள். 2024 ஏப்ரலில் வீவக வீடு ஒவ்வொன்றுக்கும் 300 வெள்ளி வழங்கப்பட்டது, பின்னர் கூடுதலாக 100 வெள்ளி அறிவிக்கப்பட்டது. 2027 முடியும்வரை செல்லும். மின்சாரமும் தண்ணீரும் குறைவாகச் செலவாகும் குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், எல்இடி விளக்கு, ஷவர் தலை முதலியவற்றுக்கு ஆகும். நன்றாக ஓடும் பொருளைப் பற்றுச்சீட்டு இருக்கிறதே என்பதற்காக மாற்றாதீர்கள். பழுதானதையும் ஒருமுறை பழுதுபார்க்கக் கொடுத்துப் பாருங்கள். ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ என்ற தொண்டூழிய முயற்சி 2014 முதல் நடக்கிறது, நாமே கூட இருந்து பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ளலாம்.

எட்டாம் படி: பொங்கல் நாள் குப்பை

இதைத் திட்டமிடாமல் விடுபவர்கள் அதிகம். ஒரே நாளில் கரும்பு, வாழையிலை, மஞ்சள் கொத்து, மாவிலைத் தோரணம், பூ என்று சேரும். இருவர் இருக்கும் வீட்டுக்கு இரண்டு கழி கரும்பு வேண்டாம். அண்டை வீட்டாரோடு பங்கிட்டு வாங்குங்கள், சீன, மலாய் அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு துண்டு கொடுங்கள். பிளாஸ்டிக் தோரணத்தைத் தவிர்த்து மாவிலையே கட்டுங்கள். முன்பே பிளாஸ்டிக் தோரணம் இருந்தால் எறியாமல் ஆண்டுதோறும் கட்டுங்கள். மஞ்சள் கொத்தின் கிழங்கைத் தொட்டியில் நட்டால் முளைக்கும். வாழையிலையையும் பூவையும் சமூகத் தோட்டத்தில் உரமாக்க ஏற்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுவைக்கலாம். கரும்புத் தோகையையும் தின்றது போக மிஞ்சும் கழியையும் முழுதாகக் குப்பைக் குழாயில் செருகாதீர்கள். குறுக்கே சிக்கிக்கொண்டால் மேல்மாடிகளின் குப்பை முழுவதும் அதன்மேல் தேங்கும், துப்புரவு ஊழியர் உள்ளே கை விட்டு எடுக்க வேண்டிவரும். ஒரு முழத்துக்கும் குறைவான துண்டுகளாக வெட்டி, அரிசிப் பையில் போட்டு வாயைக் கட்டி, கீழ்த்தளத்திலுள்ள பெரிய குப்பைத் தொட்டியில் நீங்களே கொண்டுபோய்ப் போடுங்கள்.